தொடக்கத் திரை மற்ற சாளரங்களுக்கு மேலேயே நிற்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் அலுவலகத்துக்காக நீங்கள் எழுதிய கணக்கு மென்பொருள் திறந்து வேலைக்குத் தயாராக ஏறத்தாழ 25 வினாடி ஆகிறது. அதுவரை காட்டப்படும் ஸ்பிளாஷ் ஸ்கிரீன், அதாவது தொடக்கத் திரை, பயனர் வேறு எதைத் திறந்தாலும் அதற்கு மேலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது இடைஞ்சலாக இருக்கிறது என்று சிலர் குறைபட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அமைப்பை எடுத்துவிட்டால், மென்பொருள் திறக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொடுக்குவார்களே என்று தயங்குகிறீர்கள்.

எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். தயக்கத்துக்கான காரணம் நியாயமானதுதான்; அதற்கு வேறு மருந்து இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில், எப்போதும் மேலே நிற்பது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடுவது நல்லது. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக எண்ணுவதால்தான் வருகிறது.

விண்டோஸ் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. அந்த அடுக்கு இரண்டு தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தட்டில் சாதாரணச் சாளரங்கள் இருக்கின்றன. அவற்றில் பயனர் எதைத் தொடுகிறாரோ அது மற்றவற்றுக்கு மேலே வருகிறது. டாப்மோஸ்ட் என்ற பண்பு பெற்ற சாளரங்கள் மேல் தட்டில் இருக்கின்றன. கீழ்த் தட்டில் பயனர் எதைத் தொட்டாலும் அது மேல் தட்டைத் தாண்டி வராது. விசைப்பலகை எந்தச் சாளரத்துக்கு உரியது என்பது இதிலிருந்து முற்றிலும் தனியான கணக்கு. ஆகவே உங்கள் தொடக்கத் திரை நடுவில் நிற்கும்போது பயனர் தன் மின்னஞ்சலைத் தொட்டால் விசைப்பலகை மின்னஞ்சலுக்குப் போய்விடும், எழுத்துகளும் அங்கேதான் விழும், ஆனால் விழும் இடத்தை உங்கள் படம் மறைத்துக்கொண்டிருக்கும். தான் தட்டச்சு செய்வதைத் தானே பார்க்க முடியாத நிலையில் ஒருவரை வைப்பது சிறிய தொல்லை அல்ல.

மென்பொருளைப் பயனர் சொடுக்கித் திறந்த அந்த நொடியில் தொடக்கத் திரை எல்லாவற்றுக்கும் மேலே தோன்றுவதில் எந்தத் தவறும் இல்லை, தோன்றத்தான் வேண்டும். அவர் கேட்டது அதைத்தான். சாதாரணத் தட்டிலேயே உச்சியில் தோன்றினால் அது நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் வேறொரு சாளரத்தைத் தொட்டால், இப்போது எனக்கு இது வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார் என்று பொருள். அந்தச் சொல்லை மதிப்பதா மீறுவதா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளடக்கம். மேலே தோன்றுவதும் மேலேயே நிற்பதும் வேறு வேறு. முன்னது பயனரின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது, பின்னது அவருடைய அடுத்த கட்டளையைத் தடுப்பது.

பின்னணியில் ஓடும் நிரல்கள் தாமாகவே முன்னுக்குப் பாய்ந்து விசைப்பலகையைப் பறித்துக்கொள்வது ஒரு காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. பாதிக் கடவுச்சொல் ஒரு பெட்டியிலும் மீதி இன்னொரு சாளரத்திலும் விழும். ஆகவே விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 ஆகியவற்றிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பயனர் வேறொன்றில் வேலை செய்துகொண்டிருக்கையில் ஒரு நிரல் முன்னுக்கு வர முயன்றால், அதன் பொத்தான் டாஸ்க்பாரில் மினுக்கிக் காட்டுவதோடு சரி. ஆனால் டாப்மோஸ்ட் தட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாசலில் நிறுத்தப்பட்ட நிரலாளர்களில் பலர் இந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தார்கள். நிரல் எழுதும் கருவியான விஷுவல் பேசிக் 6 காலத்தில் தொடக்கத் திரைக்கென்றே ஆயத்தப் படிவம் ஒன்று உண்டு. அதில் சாளரத்தின் இடத்தை மாற்றும் செட்விண்டோபாஸ் அழைப்பு ஒன்றைச் சேர்த்து அந்தத் திரையை மேல் தட்டுக்கு ஏற்றும் சில வரிகள் கைக்குக் கை மாறின. இன்றும் பல நிரல்களில் அந்த வழக்கம்தான், ஏன் என்று யாரும் திரும்பக் கேட்காமல், தொடர்ந்து வருகிறது.

மைக்ரோசாஃப்டில் நீண்ட காலம் விண்டோஸ் உருவாக்கத்தில் இருக்கும் ரேமண்ட் சென் இத்தகைய கோரிக்கைகளுக்கு ஒரே கேள்வியால் பதில் சொல்வார்: இரண்டு நிரல்கள் இதையே செய்தால் என்ன ஆகும்? மேல் தட்டுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. கடைசியாக ஏறியது உச்சியில் நிற்கும். கணினியைத் திறந்ததும் தாமாகத் தொடங்கும் மென்பொருள்கள் நான்கு இருந்து, நான்கும் மேலேயே நிற்கும் தொடக்கத் திரைகளைக் காட்டினால், நான்கு படங்களும் திரையின் நடுவில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும், பயனர் எதையும் பார்க்க முடியாது. அப்போது ஒரு நிரலாளர், என் படம் மற்றவற்றுக்கும் மேலே வரட்டும் என்று அரை வினாடிக்கு ஒருமுறை அதை உயர்த்தும் டைமர் ஒன்றை எழுதுவார். அடுத்தவரும் அதையே எழுதுவார். இதற்கு முடிவு கிடையாது.

இவையெல்லாம் தொல்லை என்ற அளவில் நிற்பவை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது; நான் நேரில் பார்த்தது.

நான் சில ஆண்டுகளுக்கு முன் போய்வந்துகொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இருந்த அம்மையார் ஒருவரின் கணினித் திரையின் ஓரத்தில் சிறு காகிதம் ஒட்டியிருந்தது. ‘படம் அப்படியே நின்றால் ஒருமுறை எண்டர் தட்டவும்’ என்று நீல மையில் எழுதியிருந்தார். அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் சொல்லிக்கொடுத்த வழி அது. ஏன் என்று அவருக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. நான் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டிப் பார்த்தபோது பட்டியலில் பெயரில்லாத ஒரு சாளரம் தெரிந்தது. தொடக்கத் திரையின் மூலையில் ஒரு கோடு போலச் சாம்பல் நிற விளிம்பு எட்டிப் பார்த்தது. பிறகுதான் புரிந்தது: மென்பொருள் தொடங்கும்போது சேவையகத்தைத் தொடர்புகொள்கிறது, தொடர்பு கிடைக்காவிட்டால், மீண்டும் முயலவா என்று கேட்கும் பெட்டி ஒன்றைத் திறக்கிறது, அந்தப் பெட்டி சாதாரணத் தட்டில் இருக்கிறது, தொடக்கத் திரை மேல் தட்டில் இருக்கிறது. எந்தச் சாளரத்தைச் சார்ந்தது என்று, அதாவது அதன் உரிமையாளர் சாளரம் எது என்று, குறிப்பிடப்படாத செய்திப் பெட்டி திரையின் நடுவில் தோன்றும். தொடக்கத் திரையும் நடுவில்தான் நிற்கிறது. பெட்டி சிறியது, படம் பெரியது. இரண்டும் மிகச் சரியாக ஒன்றன்கீழ் ஒன்று அமைந்துவிட்டன. நிரல் பயனரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, பயனர் நிரலுக்காகக் காத்திருக்கிறார். எண்டர் தட்டியபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று கேட்கப்பட்டது மீண்டும் முயலவா என்ற கேள்வி மட்டுமே. கோப்பு பழுதடைந்திருக்கிறது, பழையதை மேலெழுதவா என்று கேட்டிருந்தாலும் அவர் அதே எண்டரைத் தட்டியிருப்பார். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. எண்டர் வழி தெரியாதவர்கள் மென்பொருள் உறைந்துவிட்டது என்று முடிவு செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதைக் கொன்றுவிடுவார்கள். தரவுத்தளத்தைத் திறந்துகொண்டிருக்கும் நிரலுக்கு அது நல்லதல்ல. உங்களுடையதும் கணக்கு மென்பொருள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிரலாளர் இதைத் தானாக முடிவு செய்யாமலேயே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. சாளரங்கள் உருவாக்க உதவும் ஆயத்த நிரல்தொகுப்பான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் நூலகத்தின் தொடக்கத் திரை, நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை, மேலேயே நிற்கும் பாணியோடுதான் பிறக்கிறது. பைத்தான் நிரல்களைத் தனிக் கோப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரின் தொடக்கத் திரையும் இயல்பாக அப்படியே. ஆனால், திறக்க நெடுநேரம் எடுக்கும் நிரல்களில் இதை அணைத்துவைப்பது பயன்படும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதே போன்ற இன்னொரு நூலகமான கியூட்டியின் ஆவணம் இன்னும் ஒரு படி போய், லினக்ஸில் சாளரங்களை அடுக்கிவைக்கும் நிரல்களான சாளர மேலாளர்கள் சில, மேலே நிற்கும் பண்பை ஏற்பதில்லை என்றும், அப்போது ஒரு டைமரை வைத்துத் திரையை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே இருக்கலாம் என்றும் யோசனை தருகிறது. நான் மேலே சொன்ன டைமர் போட்டிக்கு இதுவே விதை; கியூட்டியை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன், மதிக்கிறேன், இருந்தாலும் அந்த யோசனையைப் பின்பற்றாதீர்கள். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மேடையில் சாளரங்கள் அமைக்க உதவும் டபிள்யூபிஎஃப்பில் தொடக்கத் திரைக்கான ஆயத்த வகுப்பு 2008இல் டாட்நெட் 3.5இன் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தது. அது மேல் தட்டில் இருக்க வேண்டுமா என்பதை நிரலாளரே சொல்லும் வசதி 2010இல் டாட்நெட் 4இல் சேர்க்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்தத் தெரிவைத் தனியே தர வேண்டியிருந்தது.

பைஇன்ஸ்டாலர் ஆவணத்தின் அந்தக் குறிப்பில் ஒரு முக்கியமான கருத்து அடங்கியிருக்கிறது. மென்பொருள் இரண்டு வினாடியில் திறந்துவிடுகிறது என்றால் அந்த இரண்டு வினாடியில் யாரும் வேறு சாளரத்துக்குப் போகப்போவதில்லை. மேலேயே நிறுத்துவதால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை. 25 வினாடி ஆகிறது என்றால் பயனர் கட்டாயம் வேறு வேலைக்குப் போவார், போகத்தான் வேண்டும். கணினிப் பயன்பாட்டியலில் ஜேக்கப் நீல்சன் பரப்பிய மூன்று எல்லைகளை அறிந்திருப்பீர்கள்: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும், 1 வினாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 வினாடிக்கு மேல் கவனம் வேறொன்றுக்குத் திரும்பிவிடும். குறுகிய நேரத்துக்கு இந்த அமைப்பு தேவைப்படாது, நீண்ட நேரத்துக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இது பயன்படும் ஒரு கால அளவை நானும் தேடிப் பார்த்தேன்; அகப்படவில்லை.

நிறுவனத்தின் சின்னம் கண்ணில் பட வேண்டும் என்று மேலிடம் விரும்பலாம். சின்னம் முதல் வினாடியிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது. மீதி 24 வினாடியும் அது பயனரின் வேலையை மறைத்துக்கொண்டு நின்றால், அந்தச் சின்னத்தோடு அவர் மனத்தில் சேர்வது எரிச்சல் மட்டுமே. கைபேசிகளில் முழுத் திரையும் ஒரே செயலிக்கு உரியது என்பதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனாலும் ஐபோன் செயலிகளின் தொடக்கத் திரையை விளம்பரத்துக்கான இடமாகக் கருதக் கூடாது என்று ஆப்பிள் தன் வழிகாட்டியில் எழுதிவைத்திருக்கிறது.

மேசைக் கணினிகளில் ஆப்பிளின் வழக்கமும் கவனிக்கத்தக்கது. மேக்கில் கருவிப் பலகைகள் மிதக்கும் தளத்தில் நிற்கின்றன, ஆனால் பயனர் வேறு மென்பொருளுக்கு மாறியதும் அவை தாமாகவே மறைந்துவிடுவதுதான் இயல்பு. தன் மென்பொருளின் சாளரங்களுக்கு மேல் நிற்பதற்கு உரிமை உண்டு, அடுத்தவர் சாளரங்களுக்கு மேல் நிற்பதற்கு இல்லை என்ற எல்லைக்கோடு அதில் அழகாக வரையப்பட்டிருக்கிறது. லினக்ஸின் எக்ஸ் சாளர முறையில் நிரலாளர் தன் சாளரம் தொடக்கத் திரை வகையைச் சேர்ந்தது என்று அறிவிக்கலாம். அதை எங்கே வைப்பது என்பதைச் சாளர மேலாளர் முடிவு செய்யும். அதற்குப் பின் வந்த வேலாண்டில் சாதாரணச் செயலிகள் தம்மை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும்படி கேட்பதற்கான வழியே அடிப்படை நெறிமுறையில் இல்லை. ஆகவே மேலே நிற்பதை நம்பி எழுதப்பட்ட நிரல் அங்கே எதிர்பார்த்தபடி நடக்காது. என்றேனும் உங்கள் மென்பொருளை லினக்ஸுக்குக் கொண்டுபோக எண்ணினால் இது நினைவில் இருக்கட்டும்.

மேல் தட்டு என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. திரை விசைப்பலகை அங்கேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதனால் பயனில்லை. பார்வை குறைந்தவர்கள் பயன்படுத்தும் உருப்பெருக்கியும் அப்படியே. டாஸ்க் மேனேஜரில் எப்போதும் மேலே வை என்ற தெரிவு நெடுங்காலமாக இருக்கிறது. பயனர் தானே அதைத் தேர்ந்தெடுக்கிறார், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறார். ஒரே மென்பொருள் மட்டும் ஓடும் பயணச்சீட்டு இயந்திரம் போன்றவற்றிலும், பின்னால் இருக்கும் இயங்குதளம் தெரியாமலிருக்க, தொடக்கத் திரையை மேலே நிறுத்துவது பொருந்தும். உங்கள் கணக்கு மென்பொருள் இந்த எதிலும் சேராது.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். திரும்பத் திரும்பச் சொடுக்கினால் இரண்டு மூன்று பிரதிகள் திறந்துவிடும் என்பதுதானே கவலை? மென்பொருள் தொடங்கியதும் முதல் வேலையாக, ஏற்கெனவே ஒரு பிரதி ஓடுகிறதா என்று பார்க்கட்டும். விண்டோஸில் பெயரிட்ட மியூடெக்ஸ் ஒன்று, அதாவது ஒரு நேரத்தில் ஒரே பிரதி மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடிய பூட்டு, இதற்குப் போதும். ஓடினால், இரண்டாவது பிரதி எதையும் ஏற்றாமல், முதல் பிரதியின் தொடக்கத் திரையைச் சாதாரணத் தட்டின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டு மூடிக்கொள்ளட்டும். பயனர் இரண்டாம் முறை சொடுக்கினார் என்றால் எங்கே அது என்று கேட்கிறார். கேட்டபோது காட்டுவதுதான் சரியான நேரத்தில் மேலே வருவது. பயனர் இப்போதுதான் சொடுக்கித் தொடங்கியது அந்த இரண்டாவது பிரதி என்பதால் முன்னுக்கு வரும் உரிமை அதனிடம் இருக்கிறது. அலௌசெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ என்ற அழைப்பால் அந்த உரிமையை முதல் பிரதிக்குக் கொடுத்துவிடலாம். தொடக்கத் திரையைத் தனி லாஞ்சர் நிரல் காட்டிவிட்டு முதன்மை நிரலைத் தொடங்கும் அமைப்புகளில் முதன்மைச் சாளரம் சில சமயம் எல்லாவற்றுக்கும் பின்னால் திறக்கும். அதற்கும் இதே அழைப்புதான் மருந்து. அந்தக் கோளாறை மறைக்கத்தான் பலர் டாப்மோஸ்ட் பண்பை வைத்தார்கள் என்பது என் அனுபவம்.

தொடக்கத் திரைக்கு டாஸ்க்பாரில் ஒரு பொத்தான் இருக்கும்படி செய்யுங்கள். பெரும்பாலோர் அழகுக்காக அதை மறைத்துவிடுகிறார்கள். பொத்தான் இருந்தால், வேறு சாளரத்துக்குப் போன பயனர் எப்போது வேண்டுமானாலும் கீழே பார்த்து, திறந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வார். உங்கள் கவலையில் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். திரையைச் சொடுக்கினால் அது விலகட்டும். கியூட்டியின் தொடக்கத் திரை இயல்பாகவே அப்படிச் செய்கிறது. வேண்டாம் என்பவர்கள் முழுவதுமாக அணைத்துக்கொள்ள வழி இருக்கட்டும். ஜிம்பில் நோ-ஸ்பிளாஷ், லிப்ரெஆபீஸில் நோலோகோ, எக்லிப்ஸிலும் விஷுவல் ஸ்டூடியோவிலும் நோஸ்பிளாஷ் என்று தொடக்கக் கட்டளையோடு சேர்க்கும் தெரிவுகள் இருப்பது இதற்காகத்தான்.

எந்த உரையாடல் பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் தொடக்கத் திரையை விலக்கிவிடுங்கள், அல்லது அந்தப் பெட்டியின் உரிமையாளர் தொடக்கத் திரைதான் என்று குறிப்பிடுங்கள். உரிமைப்பட்ட சாளரம் எப்போதும் உரிமையாளருக்கு மேலேதான் நிற்கும் என்பது விண்டோஸின் விதி. முதலாவது வழியே எனக்குப் பிடித்தது. எதிர்பாராத பிழை நேரும்போது பெட்டியைத் திறப்பது உங்கள் நிரலாக இல்லாமல் நீங்கள் பயன்படுத்தும் தரவுத்தள நூலகமாக இருக்கலாம். அந்த நூலகத்துக்கு உங்கள் தொடக்கத் திரையைப் பற்றி எதுவும் தெரியாது. டாப்மோஸ்டை எடுத்துவிட்டால் அத்தகைய பெட்டியும் பயனர் கண்ணுக்குத் தெரியும்.

முதன்மைச் சாளரம் முழுதாக வரையப்பட்டதும் தொடக்கத் திரை போய்விட வேண்டும்; விஷுவல் பேசிக் டாட்நெட்டின் ஆயத்த அமைப்பு, மென்பொருள் சீக்கிரம் தயாராகிவிட்டாலும் குறைந்தது 2000 மில்லிவினாடி அதைக் காட்டும்படி இருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தினால் அந்த எண்ணைச் சுழியமாக்கிவிடுங்கள். திறந்து முடிந்த நேரத்தில் பயனர் வேறொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் முதன்மைச் சாளரமும் அவர்மேல் பாயக் கூடாது. டாஸ்க்பார் பொத்தான் மினுக்கினால் போதும், அவர் வருவார். அந்த 25 வினாடி எங்கே போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து அளந்தும் பாருங்கள். எல்லா அறிக்கை வடிவங்களையும் எழுத்துருக்களையும் தொடக்கத்திலேயே ஏற்றுகிறீர்கள் என்றால், தேவைப்படும்போது ஏற்றும்படி மாற்றினாலே நேரம் பாதியாகக் குறையக்கூடும்.

மாற்றங்களைச் செய்தபின் உங்கள் கணினியில் மட்டும் சோதிக்காதீர்கள். நிரலாளரின் கணினி வேகமானது, சேவையகமும் அருகில் இருக்கும், அங்கே எந்தப் பெட்டியும் திறக்காது. கணக்குப் பிரிவில் இருப்பதிலேயே பழைய கணினியில் உட்கார்ந்து நெட்வொர்க் கம்பியைக் கழற்றிவிடுங்கள். மென்பொருளைச் சொடுக்கிவிட்டு உடனே நோட்பேடைத் திறந்து நான்கு வரி தட்டச்சு செய்யுங்கள். எழுதுவது கண்ணுக்குத் தெரிகிறதா, சேவையகம் கிடைக்கவில்லை என்ற செய்தி வரும்போது டாஸ்க்பார் அதைச் சொல்கிறதா, சொடுக்கினால் அந்தப் பெட்டி எதற்கும் பின்னால் மறையாமல் முன்னே வருகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த வடிவத்தை எல்லோருக்கும் கொடுக்கலாம்.